செங்கல்பட்டைத் தேடி வாஷிங்டன் போகணுமா?

உங்க வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய யாராவது இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "பள்ளிக்கூடத்துல மதியம் என்ன போட்டாங்க?" கோதுமை ரவை உப்புமா, மஞ்சள் சோள மாவு, பால் பவுடர் என்று ஏதாவது ஒரு பதில் வரும். சிலர் சாக்கு மூட்டையில் அச்சடித்திருந்த, கை குலுக்கும் இரண்டு கைகளையும் ஞாபகம் வைத்திருப்பாங்க. அது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவிச் சின்னம். காமராஜர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1960-களில் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாக அதற்கு உணவுப் பொருள் வந்து சேர்ந்தது. இது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. ஆனால் எந்த ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, யார் சமைத்தது, பிள்ளைகள் அதைச் சாப்பிட்டார்களா என்று ஒருத்தர் எழுத நினைத்தால் எங்கே போகணும்?

கேர் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கு. அவை எந்தெந்தப் பெட்டியில் இருக்கின்றன என்ற பட்டியலை இங்கே ஹாஸ்டலில் உட்கார்ந்தே படிக்கலாம். அதே காலத்து நம்ம மாவட்டக் கோப்பு எங்கே இருக்கிறது, அப்படி ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும்? முயற்சி செய்தவர்களைக் கேளுங்க.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். 1947-லிருந்து 1970-கள் வரைக்குமான நம்ம செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரையின் கதையில் ஒரு பெரிய பங்கு அமெரிக்க அரசின் காகிதங்களில் இருக்கு. அதை எடுப்பது சுலபம். நம்ம அரசின் காகிதங்களில் இருப்பதை எடுப்பது கஷ்டம். இதனால் நம்ம வரலாறு அமெரிக்கக் கண் வழியாகவே எழுதப்படும் ஆபத்து இருக்கு. இதைச் சரி செய்ய இன்ஜினியரிங் மாணவர்களான நம்மால் கொஞ்சம் முடியும்.

"இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு ஹிஸ்டரி எதுக்குப்பா?" என்று கேட்கிற நண்பர்களுக்காகக் கடற்கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சிவில் டிபார்ட்மென்ட் இறுதியாண்டு புராஜெக்ட்களில் கரையோர மாற்றம் ரொம்பப் பிரபலமான தலைப்பு. கோவளத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரைக்கும் கடல் எவ்வளவு உள்ளே வந்தது, எங்கே மணல் சேர்ந்தது என்று பார்ப்பாங்க. பெரும்பாலான ஆய்வுகள் 1972-க்கு முன்னால் போவதில்லை. காரணம் எளிது. முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனதே 1972 ஜூலையில்தான். ஆனால் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கான வேலை 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. அப்படியானால் கல்பாக்கத்துக்கு முந்தைய கடற்கரை எப்படி இருந்தது? "டேட்டா கிடைக்கவில்லை" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

டேட்டா இருக்கு. அமெரிக்க உளவுத்துறை 1960 முதல் 1972 வரை 'கரோனா' என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை விட்டது. (கொரோனாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, தேடும்போது குழம்பாதீங்க.) வானத்தில் ஃபிலிமில் படம் எடுத்து, அந்த ஃபிலிம் சுருளை ஒரு கூண்டில் வைத்துக் கீழே போட்டு, பாராசூட்டில் இறங்கி வரும்போது விமானத்தால் கொக்கி போட்டுப் பிடித்தார்கள். கேட்க சினிமா மாதிரி இருக்கும், ஆனால் நடந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை 1995-ல் அதிபர் கிளின்டன் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவித்தார். இப்போது அவை அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் இருக்கின்றன. ஒரு இலவசக் கணக்கு தொடங்கி, 'டீகிளாசிஃபைட்' பிரிவைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தில் நம்ம கடற்கரை மேல் ஒரு கட்டம் போட்டால் போதும், எந்தத் தேதியில் என்ன ஃபிரேம் இருக்கு என்று பட்டியல் வரும். ஏற்கெனவே ஸ்கேன் ஆனதை இலவசமாக இறக்கலாம். ஸ்கேன் ஆகாததற்கு ஒரு ஃபிரேமுக்கு 30 டாலர் கட்டணம். ஒருத்தர் கட்டிவிட்டால் அதற்கப்புறம் உலகத்துக்கே இலவசம். நாலு பேர் சேர்ந்து ஒரு நாள் பிரியாணியை விட்டுக்கொடுத்தால் முடிகிற கதை.

கடைசிக்கட்டக் கேமராவான கே.எச்-4பி, தரையில் சுமார் 6 அடி அளவுள்ள பொருளைக்கூடப் பிரித்துக் காட்டும். லேண்ட்சாட்டின் அந்தக் காலத்துப் படம் பக்கத்தில் நிற்க முடியாது. சிக்கலும் உண்டு. நிறைய ஃபிரேமில் மேகம் மறைக்கும். கேமரா பக்கவாட்டில் சுழன்று எடுத்ததால் ஓரங்களில் படம் இழுத்துக்கொண்டு போகும். சரிப்படுத்த, அறுபது வருடமாக நகராத புள்ளிகள் வேணும். அதுக்கு நம்ம கடற்கரையை மிஞ்ச ஆளில்லை. கடற்கரைக் கோயில், மாமல்லபுரம் கலங்கரை விளக்கம், திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் என்று கல்லிலேயே புள்ளி வைத்துக் கொடுத்திருக்காங்க. சாலை வளைவை நம்பாதீங்க, ஈசிஆர் அன்றைக்கு இப்படி இல்லை.

வரைபடத்திலும் இதே கதைதான். அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு 1950-களில் இந்தியா முழுவதற்கும் 1:2,50,000 அளவில் வரைபடங்கள் போட்டது. வரிசையின் பெயர் 'யு502'. டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் பக்கிங்ஹாம் கால்வாயும், கடலோர ஊர்களும், ஏரிகளும் தெரியும். இதில் சிரிப்பு என்னன்னா, அந்த வரைபடங்களுக்குப் பெரும்பாலும் அடிப்படையே நம்ம சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள்தான். நம்ம ஆட்கள் சங்கிலி இழுத்து அளந்தது அமெரிக்கா போய் அச்சாகி, இலவசமாகத் திரும்பி வருது. நம்ம நாட்டில் கடலோர வரைபடம் பல பத்தாண்டுகள் கட்டுப்பாட்டில் இருந்தது. 2005-ல் வரைபடக் கொள்கை மாறியது, 2017-ல் 'நக்ஷே' தளம் வந்தது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கிடைப்பது புதிய பதிப்பு. நமக்கு வேண்டியது 1950-களின் பதிப்பு.

இது வெறும் புராஜெக்ட் மார்க் விஷயம் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடம் திருத்தப்படும்போது கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். மீனவ ஊர்க்காரங்க எழுந்து "எங்க தாத்தா காலத்துல இருந்தே இந்த மணல்லதான் வலை காய வைக்கிறோம், படகு ஏத்துறோம்" என்பாங்க. எதிரில் இருப்பவர் "ஆதாரம் இருக்கா?" என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரு 1960-களின் படத்தில் அந்த மணல் திட்டும் குடிசைகளும் தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அந்தப் படத்தை எடுத்து, சரிப்படுத்தி, ஒரு ஏ3 தாளில் அச்சடித்துக் கொடுக்கிற திறமை நம்ம கையில் இருக்கு. அந்த ஊர்க்காரங்களில் பலருக்கு இல்லை.

இன்னொரு உதாரணம் சொல்றேன். மருத்துவம் சார்ந்தது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது.

உலகத்தில் எந்த நாட்டில் காசநோய் பற்றிப் படிப்பவரிடமும் 'சிங்கிள்புட்' என்று சொல்லிப் பாருங்க, தெரியும் என்பார். பி.சி.ஜி. தடுப்பூசி பற்றி உலகில் நடந்த மிகப் பெரிய பரிசோதனைகளில் ஒன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் நடந்தது. 1968-ல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை மூன்றும் சேர்ந்து செய்தவை. ஏறக்குறைய 2,80,000 பேருக்கு பி.சி.ஜி. ஊசியோ, மருந்தே இல்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979-ல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகத்தையே அதிர வைத்தது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுக்க உதவுவதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். யாரும் இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திடாதீங்க.)

பதினைந்து வருடம் அந்தக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சளி சேகரித்து, எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தார்கள். அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில், மருத்துவ இதழ்களில். எண்கள் இருக்கின்றன, சதவீதங்கள் இருக்கின்றன. அந்த மக்களிடம் தமிழில் என்ன சொன்னார்கள்? எதை நம்பிக் கை நீட்டினார்கள்? முடிவு வந்தபிறகு யாராவது திரும்பி வந்து "உங்களால்தான் உலகத்துக்கு இது தெரிந்தது" என்று சொன்னார்களா? இதெல்லாம் மருத்துவ இதழில் கிடைக்காது. பஞ்சாயத்துக் கோப்பில், சுகாதாரத் துறைச் சுற்றறிக்கையில், அன்றைய உள்ளூர்ச் செய்தியில், இன்னும் உயிரோடு இருப்பவர்களின் நினைவில்தான் இருக்கும். கடைசியில் சொன்னது வருடா வருடம் குறைந்துகொண்டே வருது.

சரி, அமெரிக்கக் காகிதங்களில் இருப்பது உண்மையா? முழுசாக இல்லை. 'அமெரிக்காவின் வெளியுறவுகள்' என்று ஒரு தொகுப்பு வரிசை 1861-லிருந்து வருகிறது. அவர்களுடைய வெளியுறவுத் துறையே தன் ரகசியத் தந்திகளைத் தேர்ந்தெடுத்து வெளியிடுவது. முழுவதும் இணையத்தில் இலவசம். 1964–68 வரிசையில் 25-ஆம் தொகுதி தெற்காசியாவுக்கானது. அதைப் படித்தால் நம்ம ரேஷன் கடை வரிசை எங்கிருந்து தொடங்கியது என்று புரியும். 1954-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட பி.எல்.480 சட்டத்தின்படி இந்தியா ரூபாய் கொடுத்து அமெரிக்கக் கோதுமை வாங்கியது. 1965, 66 பஞ்சத்தில் அந்தக் கோதுமையை மொத்தமாகத் தராமல், அதிபர் ஜான்சன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அந்தப் பேச்சுவார்த்தையில் இந்தியா சார்பில் உட்கார்ந்தவர் நம்ம சி.சுப்பிரமணியம், அன்றைய உணவு அமைச்சர். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சரோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் பசுமைப் புரட்சியின் பின்னணியில் முக்கியமான ஒன்று.

அதே நேரத்தில் இங்கே என்ன நடந்தது? 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கம். அன்றைய முதல்வர் பக்தவத்சலமே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். வாஷிங்டனில் கயிறு இழுத்ததுக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டு விழுந்ததுக்கும் எவ்வளவு தொடர்பு? நல்ல கேள்வி. ஒரு பக்கத்துத் தந்தி முழுக்க இணையத்தில் இருக்கு. இன்னொரு பக்கத்தில், தாலுகா வாரியாக அரிசி ஒதுக்கீடு, ரேஷன் புகார், கலெக்டர் அறிக்கை இதெல்லாம் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அலமாரியில் இருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் வைத்து எழுதினால், ஜான்சன் பொம்மலாட்டக்காரர், நாம பொம்மை என்றுதான் வரலாறு வரும். நான் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று நிரூபிக்க எழும்பூர் அலமாரி வேணும்.

அமெரிக்கா தானாகவே மனமுவந்து எல்லாவற்றையும் திறந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. 1953-ல் ஈரானில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு பற்றிய தொகுதியை 1989-ல் வெளியிட்டபோது, அதில் சி.ஐ.ஏ.வின் பங்கையே விட்டுவிட்டார்கள். அங்கிருந்த வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டார்கள். அதன் பிறகுதான் 1991-ல் சட்டம் வந்தது: 30 வருடத்துக்குள் முழுமையாக, நேர்மையாக வெளியிடணும் என்று. விடுபட்ட ஈரான் தொகுதி திருத்தி வெளிவர 2017 ஆனது. கேட்டுக் கேட்டு, சண்டை போட்டு வாங்கியது அது. நாம கேட்கவே ஆரம்பிக்கலை.

நம்ம பக்கம் சட்டம் இல்லாமல் இல்லை. 1993-ன் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான் பொருந்தும், மாநிலக் கோப்புகள் அதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் 8(3) என்று ஒரு பிரிவு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு என்றால், நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை மீறல், அமைச்சரவைக் காகிதம் போன்ற சில விலக்குகள் தவிர, தகவலைக் கொடுத்தே ஆகணும். பத்து ரூபாய்க் கட்டணம். ஆனால் அரசு அலுவலகங்களில் கோப்பு முடிந்ததும் எத்தனை வருடம் வைக்கணும் என்று வகை பிரிப்பார்கள். சிலது நிரந்தரம், சிலதைச் சில ஆண்டுகளில் அழித்துவிடலாம். அதனால் "கோப்பு இல்லை" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீங்க. எந்த வகையில் முடிக்கப்பட்டது, எப்போது அழிக்கப்பட்டது, அழிப்புப் பதிவேட்டின் நகல் கொடுங்க என்று அடுத்த மனு போடணும்.

தேடும்போது நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பெயர்தான். 'செங்கல்பட்டு' என்று அடித்தால் பாதிதான் வரும். ஆங்கிலத்தில் பழைய பெயர் 'சிங்கிள்புட்'. மாமல்லபுரம் ஒரு இடத்தில் 'மகாபலிபுரம்', இன்னொரு இடத்தில் 'செவன் பகோடாஸ்'. சதுரங்கப்பட்டினம் 'சட்ராஸ்', கோவளம் 'கோவ்லாங்'. மாநிலத்துக்கே 1969 ஜனவரி வரை மெட்ராஸ் என்றுதான் பெயர். மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது, 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமாக வந்தது. ஆக, கல்பாக்கம் பற்றிய ஒரு காகிதம் எந்த வருடத்தது என்பதைப் பொறுத்து மூன்று வேறு மாவட்டப் பெயரில் இருக்கலாம். இத்தனை பெயரையும் ஆங்கில எழுத்தில் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினால்தான் வரும். நம்ம ஐ.டி. நண்பர்கள் யாராவது இந்தப் பெயர்களையெல்லாம் இணைத்து ஒரு சின்ன தேடல் கருவி செய்தால் புண்ணியமாப் போகும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், என் சொந்தச் சிபாரிசு 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்த வருடம் வெறும் தலை எண்ணவில்லை. மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் வீடு, மக்கள், எழுத்தறிவு, தொழில்வாரிக் கணக்கு இருக்கு. கிராம ஆய்வு நூல்கள் வேறு போட்டார்கள். செங்கல்பட்டு மாவட்டம், சென்னை நகரக் கோயில்களுக்கே தனித் தொகுதி உண்டு. கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் பழைய தொகுதிகள் பல ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. இன்னொரு நல்ல செய்தி: அரசு வெளியீட்டுக்கு இந்தியக் காப்புரிமை 60 ஆண்டு. 1964-ல் வெளிவந்தவை 2025 ஜனவரியோடு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. மொழிபெயர்த்துத் தமிழில் வெளியிடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

செய்தித்தாளுக்கு, கூகுளின் பழைய செய்தித்தாள் காப்பகத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸ் பல வருடத்துக்கு அப்படியே இருக்கு. சொல் போட்டுத் தேடினால் வராது, தேதி வாரியாகப் புரட்டணும். தமிழ்ப் புத்தகங்களுக்கு ஓஎம்ஆர் பஸ்ஸில் போய்த் தரமணியில் இறங்கினால் ரோஜா முத்தையா நூலகம். எழும்பூரில் கன்னிமாரா, 1954 சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் ஒரு பிரதி வந்து சேரவேண்டிய இடம். அங்கே இல்லாத 1960-களின் தமிழ் நூலைச் சில சமயம் சிகாகோவில் காணலாம். காரணம் மறுபடியும் அந்தக் கோதுமைதான்: கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியை வைத்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962 முதல் டெல்லியில் அலுவலகம் போட்டு இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம்ம பாட்டி உப்புமா சாப்பிட்ட காசில் அவங்க தமிழ் படிச்சாங்க.

நம்ம காலேஜ் நிர்வாகத்திடம் என் கோரிக்கை பெரிசு ஒண்ணுமில்லை. நூலகத்தில் விலை உயர்ந்த ஜர்னல்களுக்குக் கட்டுகிற பணத்தில் ஒரு துளியை ஒதுக்கி, நம்ம கடற்கரையின் மேல் உள்ள கரோனா ஃபிரேம்களில் ஸ்கேன் ஆகாதவற்றை வாங்கி, சரிப்படுத்தி, சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகளுக்கும் கொடுக்கட்டும். என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதோடு, ஒரு நாள் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்வதையும் சேர்க்கட்டும். ஆவணக் காப்பகத்துக்குப் போக இளநிலை மாணவனுக்கும் அறிமுகக் கடிதம் தரட்டும். அரசிடம் கேட்பது ஒன்றுதான். 1947 முதல் 1975 வரையான மாவட்டக் கோப்புகளின் பட்டியலையாவது இணையத்தில் போடுங்க. கோப்பை ஸ்கேன் செய்வது அப்புறம். என்ன இருக்கு என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இதழ்க் குழுவோடு பேசிவிட்டேன். 1961 மாவட்டக் கையேட்டை இறக்கி, உங்க ஊர்ப் பெயர் அதில் எப்படி எழுதியிருக்கு, அன்றைக்கு எத்தனை வீடு, என்ன தொழில் என்று பார்த்து, பக்க எண்ணோடு அனுப்புங்க. செங்கல்பட்டுக்காரர்கள்தான் என்றில்லை, எந்த மாவட்டமானாலும் சரி. அடுத்த இதழில் ஊர் வாரியாகப் போடுகிறோம். யாரிடமாவது மாமல்லபுரம் பக்கத்து கரோனா ஃபிரேம் ஏற்கெனவே இருந்தால், தேதியோடு சொல்லுங்க, அதே ஃபிரேமுக்கு இரண்டாவது முறை காசு கட்ட வேண்டாமே.